டிஃபரன்ஷியலில் வெள்ளை

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பழைய ராணுவ ஜோங்கா வந்து நின்றது. எதிர்வீட்டுப் பையன் வாங்கியிருக்கிறான். பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். சேர்த்த பணத்தையெல்லாம் இந்தக் கண்டம் வண்டியில் போட்டுவிட்டானென்று அவன் அம்மா என்னிடம் வந்து அழாக்குறையாகச் சொன்னாள். "மிலிட்டரி அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்." அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் போனேன். பானெட்டைத் திறந்து வைத்திருந்தான். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ளே நீட்டிப் படுத்திருந்தது. வந்த காரியத்தை மறந்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் குனிந்துவிட்டேன்.

பையனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஜோங்கா என்பது ஜப்பான் பேர் இல்லையாம்; ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்ப்ளி என்பதன் முதலெழுத்துகளாம். மூல வண்டி நிஸானின் பேட்ரோல். 1969இல் ஆரம்பித்து, ஜப்பான்காரனே அந்த மாடலை விட்ட பிறகும் 1999 வரை நாம் விடாமல் செய்துகொண்டிருந்தோம் என்றான். 2019இல் தோனி ஒரு ஜோங்கா வாங்கி ராஞ்சியில் ஓட்டினாரே, அதற்கப்புறம்தான் இவனுக்கும் பித்துப் பிடித்ததாம். லிட்டருக்கு எவ்வளவு தரும் என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. நாலு, மிஞ்சிப்போனால் அஞ்சு என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

நான் 1975இல் பட்டாளத்தில் சேர்ந்தவன். வேலூர்ப் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. கம்மவான்பேட்டை என்கிற ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்கிற மாவட்டம் எங்களுடையது. எனக்குக் கிடைத்தது ஏ.எஸ்.சி., அதாவது ராணுவத்துக்கு ரேஷனும் எண்ணெயும் சுமக்கிற பிரிவு. துப்பாக்கியைவிட ஸ்டியரிங்கைப் பிடித்த நேரம்தான் அதிகம்.

அந்த ஸ்டியரிங் பெரும்பாலும் சக்திமானுடையது. மான் என்கிற ஜெர்மன் கம்பெனியின் உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்த லாரி. கிருஷ்ண மேனன் ராணுவ அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. குட்டை மூக்கு, அகன்ற முகம், நாலு சக்கரத்துக்கும் இழுவை. பவர் ஸ்டியரிங் கிடையாது. ஜோஜிலா ஏற்றத்தில், பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், கொண்டையூசி வளைவு ஒன்றை ஒடித்துத் திருப்பினால் தோள்பட்டை இரண்டு நாளைக்கு வலிக்கும். அழகென்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் எதைக் கழற்றினாலும் கையாலேயே கழற்றலாம், கையாலேயே மாட்டலாம். பழைய ராணுவ வண்டிகளை இன்றைய பிள்ளைகள் தேடித்தேடி வாங்குவதற்கு இதுதான் காரணமென்று நினைக்கிறேன். பானெட்டைத் திறந்தால் எது என்னவென்று கண்ணுக்குத் தெரிகிறது. இப்போதைய காரில் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது.

ஜிப்சியைப் பற்றியும் பையன் கேட்டான். 1991இல் ராணுவத்துக்கு வந்தது. ஒரு டன்கூட எடையில்லை. மணலில் புதைந்தால் ஐந்தாறு பேர் இறங்கித் தூக்கிவிடுவோம். ஆபீசர்களுக்கு உயிர், எனக்கு அது தகர டப்பா. ஸ்டாலியன் நம்ம அசோக் லேலண்ட் வண்டி, நான் ஓய்வு பெறுகிற சமயத்தில்தான் வந்தது, அதிகம் ஓட்டவில்லை. ஜீப் கதை வேறு. 1965 போரில், அசல் உத்தரில் அப்துல் ஹமீது ஜீப்பில் ஏற்றிய பீரங்கியை வைத்துக்கொண்டு பாட்டன் டாங்கிகளை அடித்தார். உயிரைக் கொடுத்து பரம்வீர் சக்கரம் வாங்கினார். பயிற்சியில் எங்கள் உஸ்தாத் இதைச் சொல்லும்போது, எந்த இடத்தில் நிறுத்தி எந்த இடத்துக்கு நகர்த்தினார் என்று தரையில் கோடு போட்டுக் காட்டுவார். ஓட்டத் தெரியாதவனிடம் பீரங்கி இருந்து என்ன பிரயோஜனம் என்பது அவர் கட்சி.

அந்த உஸ்தாத்கூட எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது ஓட்டுவதை அல்ல, துடைப்பதை. காலையில் ஃபர்ஸ்ட் பரேட் என்றால் சாவியைத் தொடக்கூடாது. எண்ணெய், தண்ணீர், காற்று, பெல்ட், சக்கர நட்டு, அடியில் ஒழுகல், எல்லாம் பார்த்துக் கார் டயரியில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்டார்ட். லே பக்கம் போனால் ராத்திரி வேலையும் சேரும். ரேடியேட்டர் தண்ணீரை இறக்காமல் விட்டால் விடிவதற்குள் உறைந்து எஞ்சின் பிளாக்கைப் பிளந்துவிடும். டீசல் நெய் மாதிரி கெட்டிப்படும். பேட்டரியைக் கழற்றிக் கைக்குழந்தை மாதிரி பாரக்குக்குத் தூக்கிக்கொண்டு போவோம்.

இதெல்லாம் ஒழுங்காகச் செய்தவன் நான் என்றுதான் பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1986 கடைசியில் ராஜஸ்தானில் பிராஸ்டாக்ஸ் என்று பெரிய போர்ப் பயிற்சி. அப்போது தளபதி ஜெனரல் சுந்தர்ஜி, நம்ம செங்கல்பட்டில் பிறந்தவர். ராத்திரி கான்வாய், ஹெட்லைட் போடக்கூடாது. அப்படியானால் பின்னால் வருகிற வண்டிக்கு வழி எப்படித் தெரியும்? ராணுவ லாரியின் பின் அச்சு நடுவில் கவிழ்த்த சட்டி மாதிரி உருண்டு நிற்கும் டிஃபரன்ஷியலுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அதற்கு மேலே மூடிபோட்ட ஒரு சின்ன பல்பு. ஆகாயத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்னால் வருகிறவன் கண்ணுக்கு மட்டும் நிலா மாதிரி ஒரு வெள்ளை வட்டம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே மைல் கணக்கில் போவோம்.

என் வண்டியில் பினியன் ஆயில் சீல் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும். பெரிய ஒழுகல் இல்லை, ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற சாப் பானெட்டைத் தடவிப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்ப்பார். அடியில் படுத்துப் பார்க்க மாட்டார். அதனால் பானெட் பளபளவென்று இருக்கும். கசிந்த எண்ணெயில் பாலைவனப் புழுதி அப்பி அப்பி, வெள்ளை வட்டம் கறுத்துப்போயிருந்தது. எனக்கு முன்னால் போன வண்டியின் வட்டம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் நிம்மதியாகப் போனேன்.

எனக்குப் பின்னால் வந்தது ஒரு கார்வாலிப் பையன், சர்வீஸில் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எங்கேயோ ஒரு திருப்பத்தில் என்னைத் தவறவிட்டு மணல்மேட்டில் ஏறிவிட்டான். அவன் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள் போய்ப் புதைந்தன. காலையில்தான் கண்டுபிடித்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, குளிரில் விறைத்துப்போயிருந்தார்கள். தடம் மாறியதற்கு அவனைத்தான் கேள்வி கேட்டார்கள். அவன் என் பக்கம் கையைக் காட்டவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் என் வண்டிக்குப் பின்னால் வந்தான். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான், மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தான், டிஃபரன்ஷியலைத் துடைத்தான். வெள்ளை தெரிகிற வரைக்கும் துடைத்தான். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, கறுத்துப்போன கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தன் வண்டிக்குப் போய்விட்டான். ஒரு பேச்சு இல்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லி அன்றோடு மறந்திருப்பேன்.

ஓய்வு பெற்று வந்து பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன். காலையில் ஷெட்டுக்குப் போனதும் முதலில் பின்பக்கம் போய்க் குனிவேன். பிரேக் லைட்டைத் துடைத்து, ஆயாவிடம் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் முன்பக்கம் வருவேன். ஆயாம்மா சிரிக்கும். "எல்லாரும் வண்டி மூஞ்சிக்குப் பொட்டு வெப்பாங்க, நீங்க முதுக தொடைக்கிறீங்களே டிரைவரே." சிரிக்கட்டும். என் பிள்ளைகளிடம்கூட இந்த ராஜஸ்தான் சமாச்சாரத்தைச் சொன்னதில்லை. சாப் கேட்டபோது சொல்லாததை வீட்டில் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றிருந்தேன். எதிர்வீட்டுப் பையனிடம்தான் முதல் தடவையாகச் சொன்னேன்.

சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம், அவன் ஜோங்காவுக்கு அடியெல்லாம் ஒரே கறுப்பாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தான். மேலே ஆலிவ் பச்சை அடிக்கப் போவதாகவும் சொன்னான். அது முடியாது தம்பி, மோட்டார் வாகன விதியில் 121ஆவது விதி அந்த நிறத்தை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது என்றேன். நம்பர் பிளேட்டில் ராணுவத்தின் மேல்நோக்கிய அம்புக்குறியும் கூடாது. அந்த அம்புக்குப் பக்கத்தில் வருகிற இரண்டு எண்ணும் வண்டி எடுத்த வருஷம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அம்பைப் போட முடியாது என்பதில் ரொம்ப வருத்தம். அடியில் வெள்ளை அடிப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை என்றேன். எதுக்கு தாத்தா என்று கேட்டான். அப்போதுதான் மேலே எழுதியதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். போனைப் பார்க்காமல் கேட்டான்.

அவன் அம்மாவிடம், பணம் போனால் போகட்டும் விடும்மா என்று சொல்லிவிட்டேன். அந்தம்மாள் இப்போது என்னோடு பேசுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் வண்டிக்கு அடியில் படுத்து வெள்ளை அடித்து முடித்தான். நான் டார்ச் பிடித்தேன். மூடிபோட்ட அந்தச் சின்ன பல்பு மட்டும் எங்கே தேடியும் அகப்படவில்லை. பழைய ராணுவ உதிரிபாகம் விற்கிறவர்கள், கண்டம் வண்டி உடைக்கிறவர்கள் யாரிடமாவது கிடந்தால் எடுத்து வையுங்கள். விலை பேசாமல் வாங்கிக்கொள்கிறோம்.