நோயாளியின் தட்டும் தராசும்

நீலகிரி என்றதும் தேயிலைத் தோட்டங்களும் மலை இரயிலும் நம் நினைவில் எழுகின்றன. இந்தியாவின் உணவு ஆராய்ச்சி அம்மலையில்தான் பிறந்தது என்பதைப் பலர் அறியார். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அவ்வாய்வே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்கி வருகிறது.

அதே குன்னூரில் வாழும் நம் மாமி ஒருவர், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற மலையிறங்கிக் கோவையில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். சேர்ந்த அன்று எடை 52 கிலோ. அதன்பின் நாள்தோறும் காய்ச்சலும் இரத்த அழுத்தமும் ஏட்டில் ஏறின. எடை மட்டும் ஏறவில்லை. சோதனைக்காகச் சில வேளை உணவு நிறுத்தப்பட்டது. வாய்ப்புண்ணால் சில வேளை தட்டு அப்படியே திரும்பிச் சென்றது. "மாமியின் வளையல் முழங்கை வரை ஏறுகிறதே, எடை பாருங்கள்" என்று மருமகள் வற்புறுத்திய பிறகே தராசு வந்தது. அது காட்டியது 45 கிலோ. சிகிச்சையை இரண்டு வாரம் நிறுத்தி, மூக்குக் குழாய் வழியே ஊட்டமளித்த பின்னரே தொடர முடிந்தது.

இது ஒரு மருத்துவமனையின் குறையன்று. 1974லேயே சார்லஸ் பட்டர்வொர்த் என்னும் அமெரிக்க மருத்துவர், நோயாளியின் எடையைக் குறிக்காமையும் சோதனைகளுக்காக உணவை நிறுத்துவதும் மருத்துவமனைக்குள்ளேயே ஊட்டக் குறைவை உண்டாக்குகின்றன என எழுதினார்.

புற்றுநோயில் இவ்வபாயம் இரு மடங்கு. சிகிச்சை நாவின் சுவையைக் கெடுக்கிறது, குமட்டலைத் தருகிறது. நோயோ உடலில் அழற்சியை மூட்டித் தசையைக் கரைக்கிறது. ஆகவே பட்டினியால் மெலிவது போன்றதன்று இம்மெலிவு. உணவால் மட்டும் முழுதும் மீட்க இயலாதது. ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எடை குறைந்தால் அது எச்சரிக்கை என 2011இல் பன்னாட்டு வல்லுநர்கள் வரையறுத்தனர். மாமியின் கணக்கில் அது மூன்று கிலோவுக்கும் குறைவே. அந்த எல்லையில் விழித்திருந்தால் ஏழு கிலோ வரை போயிருக்காது. தசை கரைந்த உடலில் தொற்று எளிதில் புகும். மருந்தையும் அவ்வுடல் தாங்காது.

"நல்ல உணவு கொடுத்தால் கட்டி வளரும்" என்றொரு பேச்சு நம் வீடுகளில் உலவுகிறது. இதற்குச் சான்றில்லை. நோயாளியைப் பட்டினி போட்டால் கட்டிக்கு முன் மனிதரே மெலிவார். கிலோ ஒன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், ஒரு கிராமுக்குக் குறையாமல் இயன்றால் ஒன்றரை கிராம் வரை புரதமும் நாள்தோறும் தேவை என்பது மருத்துவ வழிகாட்டுதல். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ ஆறு கிராம். வெறும் அரிசிக் கஞ்சியில் நீரும் மாவுமே மிகுதி. பாசிப் பருப்பும் கொத்துக்கறியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சியோ விழுங்க எளிது, ஊட்டமும் உடையது. நோயாளிக்கு ஏற்றதா என்று உணவியல் வல்லுநரைக் கேட்டு, காரம் தவிர்த்து, சிறு கிண்ணங்களில் ஐந்தாறு வேளையாகக் கொடுக்கலாம்.

நலம் விசாரிக்கச் செல்லும்போது ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிச் செல்வது நம் வழக்கம். அத்துடன் இரு கேள்விகளையும் கொண்டு செல்வோம்: இவ்வாரம் எடை எவ்வளவு? நேற்றைய தட்டில் எவ்வளவு மீந்தது? விடை கிடைக்காவிடில் செவிலியரிடம் பணிவுடன், ஆனால் விடாமல் கேட்போம். நோயாளிக்குக் கேட்கத் தெம்பிராது. கேட்க வேண்டியவர் கட்டிலருகே நிற்பவரே.