காணாமற்போன வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை இரவு இஷாத் தொழுதுவிட்டு உறங்கச் செல்கிறீர்கள். கண் விழித்தால் சனிக்கிழமைக் காலை! இடையில் வரவேண்டிய வெள்ளியைக் காணோம். அளவுக்கு மீறி உறங்கிவிட்டோமோ என்று பதற வேண்டியதில்லை. ஊரே, ஏன், நாடே அப்படித்தான் விழித்திருக்கிறது.

இது கதையன்று. பசிபிக் மாகடலில் உள்ள சமோவா என்னும் தீவு நாட்டில் 2011ஆம் ஆண்டு நிகழ்ந்தது. டிசம்பர் 29 வியாழன் நள்ளிரவு பன்னிரண்டு மணி அடித்ததும் பிறந்தது டிசம்பர் 31 சனிக்கிழமை. அவ்வாண்டில் 30ஆம் தேதி என்று ஒரு நாள் அந்நாட்டில் இருந்ததே இல்லை. வேலை செய்யாத அந்த வெள்ளிக்கும் ஊழியர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும் என்று அரசு ஆணையிட்டிருந்தது. அங்கே வாழும் முஸ்லிம்கள் மிகச் சிலரே. ஆயினும் அவர்களுடைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 23இல் ஒரு வெள்ளி; அடுத்த வெள்ளி ஜனவரி 6இல்! இடையிலே பதின்மூன்று நாட்கள்.

ஏன் இந்த விந்தை? பூமி ஒருமுறை சுழல 24 மணி நேரம் ஆகிறது. ஆகவே உலகின் எங்கோ ஓரிடத்தில் ஒரு நாள் முடிந்து மறுநாள் தொடங்கியாக வேண்டும். அதற்காக மாகடலின் நடுவே வரையப்பட்ட கற்பனைக் கோடே தேதிக் கோடு. இங்கிலாந்தின் கிரீன்விச்சைத் தொடக்கமாகக் கொள்வதென 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு முடிவு செய்தது. ஆனால் இந்தத் தேதிக் கோட்டை எந்தப் பன்னாட்டு ஒப்பந்தமும் வரையறுக்கவில்லை. கோட்டின் எந்தப் பக்கம் நிற்பது என்பதை அந்தந்த நாடே தீர்மானித்துக் கொள்ளலாம்.

சமோவா செய்தது அதுதான். அதன் வாணிகம் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும். இங்கே வெள்ளி என்றால் அங்கே சனி, விடுமுறை. இங்கே ஞாயிறு என்றால் அங்கே திங்கள், கடை திறந்துவிடும். வாரத்தில் இரு நாட்கள் வீணாயின. ஆகவே நாடு கோட்டைத் தாண்டிக் குதித்தது. இதே சமோவா 1892இல் அமெரிக்க வணிகர்களுக்காக எதிர்ப்பக்கம் தாண்டியிருந்தது. அப்போது ஜூலை 4 திங்கட்கிழமை இரண்டு முறை வந்தது. அது லீப் ஆண்டு வேறு. ஆக அவர்களுக்கு அவ்வாண்டு 367 நாட்கள்! அன்று கடனாக வாங்கிய நாளை 119 ஆண்டுகள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள் போலும்.

நாள் தொலைவதைக் கண்டு முதலில் திகைத்தவர்கள் மகல்லனின் மாலுமிகள். 1519இல் ஐந்து கப்பல்களில் ஸ்பெயினிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். மகல்லன் வழியில் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். எஞ்சிய ஒரே கப்பல் 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவை அடைந்தது. கப்பல் குறிப்பேட்டின்படி அன்று புதன். கரையிலோ வியாழன் என்றார்கள். ஒரு நாளும் விடாமல் எழுதி வந்த பிகஃபெட்டாவுக்குத் தலை சுற்றியது. சூரியனைப் பின்தொடர்ந்து மேற்கே செல்பவருக்கு ஒவ்வொரு நாளும் சிறிது நீளும். உலகைச் சுற்றி முடிக்கையில் ஓர் உதயம் குறைந்து போயிருக்கும் என்பது பிறகே விளங்கியது.

ஆனால் இந்த உண்மையை, எந்தக் கப்பலும் உலகைச் சுற்றாத காலத்திலேயே சொல்லிவைத்த ஒருவர் உண்டு. சிரியாவின் ஹமா நகரை ஆண்ட அபுல் ஃபிதா அவர்கள். 1321இல் நிறைவு செய்த ‘தக்வீமுல் புல்தான்’ என்னும் புவியியல் நூலில், மேற்கே சுற்றி வருபவர் ஒரு நாள் குறைவாகவும், கிழக்கே சுற்றி வருபவர் ஒரு நாள் கூடுதலாகவும் எண்ணுவர் என்று விளக்கினார்கள். மகல்லன் புறப்படுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு!

இனி நான் மிகவும் வியந்து படித்த செய்தி. டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1686இல் பசிபிக் கடலைக் கடந்து மிந்தனாவோ தீவுக்கு வந்தார். அங்கே சுல்தான் ஜும்ஆவுக்காகப் பள்ளிவாசல் செல்வதைக் கண்டார். கப்பலின் கணக்கிலோ அன்று வியாழக்கிழமை! மிந்தனாவோ மக்களுக்கு இஸ்லாம் மேற்கிலிருந்து வந்தது. அரபு நாட்டிலிருந்து கைமாறி வந்த வார எண்ணிக்கையை அவர்கள் விடாமல் காத்தனர். அமெரிக்கா வழியே வந்தவர்களின் வாரமோ ஒரு நாள் பின்தங்கியிருந்தது. ஸ்பானியர் ஆண்ட மணிலாவிலும் அதே பின்தங்கிய கணக்குத்தான். 1844 டிசம்பர் 31 செவ்வாயை நீக்கிய பின்னரே அது சரியாயிற்று. ஆக, அதற்கு முந்திய காலமெல்லாம் மணிலாவில் வியாழன் நடக்கையில் மிந்தனாவோவில் ஜும்ஆ!

இதற்கு நேர்மாறானது அலாஸ்கா. 1867இல் ரஷ்யா அதனை அமெரிக்காவுக்கு விற்றபோது, வெள்ளிக்கு மறுநாளும் வெள்ளியாகவே விடிந்தது. ரஷ்யரின் பழைய நாட்காட்டியும் அன்றே கைவிடப்பட்டதால், அக்டோபர் 6 வெள்ளிக்கு அடுத்து வந்தது அக்டோபர் 18 வெள்ளி.

ஃபிஜித் தீவுகளையும் சொல்ல வேண்டும். 180ஆம் தீர்க்கரேகை அந்நாட்டின் தவேயுனி தீவுக்குள்ளேயே ஓடுகிறது. கோட்டை வளைக்காமல் விட்டிருந்தால் ஒரே தீவில் கிழக்கே வியாழனும் மேற்கே வெள்ளியுமாக இருந்திருக்கும். 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்றோரில் முஸ்லிம்களும் இருந்தனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். நாம் சுபுஹுத் தொழும் வேளையில் அவர்களுக்கு லுஹர் நெருங்கியிருக்கும்.

சமோவாவுக்கு அருகே, அமெரிக்க ஆட்சியிலுள்ள மற்றொரு சமோவாவும் இருக்கிறது. அது கோட்டைத் தாண்டவில்லை. இரண்டுக்கும் இடையே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். கடிகாரங்கள் இரண்டிலும் ஒரே மணியையே காட்டும். நாள் மட்டும் வேறு. அப்பியா நகரில் வெள்ளியன்று ஜும்ஆ முடித்து விமானம் ஏறுபவர், அஸருக்கு அங்கே இறங்கினால் அது வியாழக்கிழமை. ஓர் இரவு தங்கினால் மறுநாள் அவருக்கு மீண்டும் வெள்ளி.