அரைப்பேர் கேட்க வேண்டும்

'ஹெவி' என்றால் என்ன என்று எங்கள் பேண்டுக்குள் இரண்டு வாரம் சண்டை. பேண்ட் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். நாலு பேர், பெனிதெனியவில் ஒரு போடிங் வீட்டின் பின்னறை, 15 வாட் அம்ப் ஒன்று, பாதி டிரம் செட், அவ்வளவுதான். டிரம்ஸ் அடிப்பவன் கடுகண்ணாவை. பாஸ் வாசிப்பவன் கட்டுகஸ்தோட்டை. நான் மாத்தளை. பாடுகிற தங்கச்சி நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டம்; எனக்கு ஒரு வருசம் ஜூனியர், ஆனால் பேண்டில் அவள் சொல்வதுதான் கடைசிச் சொல்.

சண்டை தொடங்கியது அவள் எழுதிய பாட்டால். பாட்டின் பெயர் 'அரைப்பேர்'. தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'பேர்'. மாலையில் கொழுந்து நிறுக்கும்போது சொன்ன கிலோ இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். காலையில் இருந்து அட்டைக் கடியோடு மலையில் நின்றவளின் நாள் தராசில் பாதியாகிவிடும். தங்கச்சியின் அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார். பாட்டில் அந்த ஒரு வார்த்தை பதினாறு தடவை வருகிறது. ஒவ்வொரு தடவையும் அது சபைக்குக் கேட்க வேண்டும். அதே நேரம் கிட்டார் மலை சரிந்த மாதிரி விழ வேண்டும் என்பதும் அவளுடைய கட்டளை. இரண்டும் சேர்ந்து நடக்க ஒரு டிஸ்டோர்ஷன் பெடல் வேண்டும். எந்தப் பெடல்?

முதலில் டிஸ்டோர்ஷன் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், பெடல் பற்றிப் பேசும் அநேகம் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிட்டார் தந்தியில் இருந்து வரும் சிக்னல் ஏறி இறங்கும் அலை. அதைப் பெருக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் சர்க்கியூட்டில் இடமில்லை, அலையின் தலை வெட்டுப்படும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைப் பார்த்திருப்பீர்கள், எல்லாச் செடிக்கும் தலை ஒரே மட்டம். அதுதான் கிளிப்பிங். வெட்டுப்பட்ட அலையில் முதலில் இல்லாத மேல் ஒலிகள் புதிதாக முளைக்கும். அந்த முளைப்புத்தான் நமக்கு உறுமலாகக் கேட்கிறது. ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் மாதிரியான ஓவர்டிரைவ்கள் தலையை உருட்டி வெட்டும். பொஸ் டி.எஸ்.-1, ப்ரோகோ ராட் போன்றவை கத்தி வைத்து ஒரே வெட்டு. பவர் கோர்டில் ஏன் இரண்டே சுரம் என்பதற்கும் இதுதான் காரணம். மூன்றாவது சுரத்தைச் சேர்த்தால் முளைக்கும் ஒலிகள் ஒன்றோடொன்று மோதிச் சேறாகிவிடும்.

இந்தச் சத்தத்தின் பூர்வீகம் பழுதான சாமான்கள் என்பது எனக்கு மிகப் பிடித்த விசயம். 1958-இல் லிங்க் ரே தன் அம்ப் ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டு 'ரம்பிள்' வாசித்தார். ஒரு வார்த்தைகூட இல்லாத அந்த இசையைச் சில அமெரிக்க வானொலிகள் தடை செய்தன. நாஷ்வில் ஸ்டூடியோ ஒன்றில் பழுதான சேனல் வழியாகப் பதிவான ஒரு பாஸ் கிட்டாரின் கரகரப்பு 1961-இல் எல்லாருக்கும் பிடித்துப்போக, அடுத்த வருசமே அதைப் போல ஒலிக்கும் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெட்டி கடைக்கு வந்துவிட்டது. 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரை பிளேடால் கிழித்தார். பர்மிங்ஹாமின் டோனி அயோமி தகரத் தொழிற்சாலையில் விரல் நுனிகளை இழந்த பிறகு, வலி தெரியாமல் வாசிக்க மெல்லிய தந்தி போட்டார், பிறகு தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். ப்ளாக் சபத்தின் கனம் அங்கே இருந்து வந்தது. கண்டி–மாத்தளை பிரைவேட் பஸ்ஸில் கிழிந்த ஸ்பீக்கர் இந்த வேலையை இலவசமாகவே செய்கிறது என்பது வேறு கதை.

இதெல்லாம் இரைச்சல், இசை இல்லை என்று எங்கள் பீடத்து நண்பன் ஒருவன் சொன்னான். தம்புராவின் குதிரையில் தந்திக்குக் கீழே ஏன் நூல்த்துண்டு வைக்கிறார்கள் என்று அவனிடம் கேட்டேன். அந்த நூலை எடுத்துவிட்டால் தம்புரா வெறும் 'டொய்ங்'. நூல்தான் அந்த ரீங்காரத்தை உண்டாக்குகிறது. சுத்தமான ஒலியைக் கொஞ்சம் கெடுத்து எடுக்கும் பழக்கம் நமக்கு ஒன்றும் புதிது இல்லை. அவன் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

சரி, பெடல்கள். டிரம்மருக்கு ஒரே ஒரு பெடல்தான் உலகத்தில் உண்டு: பொஸ் எச்.எம்.-2. 1983-இல் வந்து 1991-இல் நிறுத்தப்பட்ட கறுப்புப் பெட்டி. ஸ்டொக்ஹோமில் சன்லைட் ஸ்டூடியோவைச் சுற்றியிருந்த பையன்கள் அதன் நாலு குமிழையும் கடைசி வரை திருப்பிவிட்டார்கள். என்டூம்ட் குழுவின் 1990-ஆம் ஆண்டு ஆல்பம் 'லெஃப்ட் ஹாண்ட் பாத்' கேட்டால் தெரியும், சங்கிலி வாளால் மரம் அறுக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு ஆள் சேர்ந்துகொண்டே போய், 2021-இல் பொஸ் அதைத் திரும்பவும் தயாரித்தது. பெஹ்ரிங்கரின் மலிவுப் பிளாஸ்டிக் நகல் ஒன்று டிரம்மரின் கூட்டாளியிடம் இருந்தது, கொண்டுவந்தான். குமிழ் நாலையும் திருப்பினோம். ஜன்னல் நடுங்கியது. டிரம்மர் சிரித்துக்கொண்டே அடித்தான். பாட்டு முடிந்ததும் தங்கச்சி மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, நான் பாடினேனா?"

ஃபோனில் பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டோம். பதினாறு அரைப்பேரில் ஒன்றுகூட இல்லை. ஸ்வீடன்காரர்களுக்கு இது பிரச்சினையே இல்லை, அவர்களின் குரல் அடித்தொண்டை உறுமல், கிட்டாருக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் தங்கச்சி உறுமுகிற ஆள் இல்லை, ஒப்பாரிக்குப் பக்கத்தில் நிற்கிற குரல். அந்தப் பெடல் எந்த இடத்தைத் தூக்கிக் கொடுக்கிறதோ அதே இடத்தில்தான் அவள் குரலும் இருக்கிறது.

அடுத்தது பொஸ் எம்.டி.-2, மெட்டல் சோன், 1991. இணையத்தில் அதிகம் கேலி செய்யப்பட்ட பெடல் இதுவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் பாவம் பெடலில் குறை இல்லை. அதில் மிட் என்கிற நடு ஒலியை நமக்கு வேண்டிய இடத்தில் கூட்டலாம் குறைக்கலாம். வாங்குகிற எல்லாரும் குறைக்கத்தான் செய்கிறார்கள். கண்டி டவுன் கடையொன்றில் நானும் அதைத்தான் செய்து பார்த்தேன். சத்தத்தைக் கூட்ட விடமாட்டார்கள், ஐந்து நிமிசத்தில் "மல்லி, எடுக்கிறதா இல்லையா" என்று வந்துவிடுவார்கள். அந்த ஐந்து நிமிசம் தனியாக வாசிக்க பிரமாதமாக இருந்தது. நடுவை எடுத்துவிட்டால் பாஸும் ட்ரெபிளும்தான் மிச்சம். கீழே பாஸ் கிட்டார் இருக்கிறது, மேலே சிம்பல் இருக்கிறது. பேண்டோடு சேர்ந்து வாசித்தால் கிட்டார் அந்த இரண்டுக்குள்ளும் கரைந்துவிடும். கூட்டாளியின் பெடலிலும் இதையே செய்து பார்த்தோம். வார்த்தை கேட்டது. மலைதான் சரியவில்லை.

ஓவர்டிரைவ் வாங்கு, டியூப் ஸ்க்ரீமர் போதும் என்பது அண்ணன்மார் சொன்ன புத்தி. வீடியோக்களும் அதைத்தான் சொல்கின்றன. அந்த வீடியோக்களில் பெடலுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு வால்வ் அம்ப் நிற்கும், பெடல் அதன் முதுகில் தட்டிக்கொடுத்தால் போதும். எங்கள் 15 வாட் டிரான்சிஸ்டர் அம்புக்குத் தட்டிக்கொடுத்தால் இருமும். எட்டு அங்குல ஸ்பீக்கர். கீழ்த் தந்தியை டி-க்கு இறக்கினால் அதன் அடி ஒலி சுமார் 73 ஹேர்ட்ஸ், அதை எங்கள் ஸ்பீக்கர் ஒழுங்காகத் தருவதே இல்லை. மேலே முளைக்கிற ஒலிகளைக் கேட்டு மூளைதான் அடியைக் கற்பனை பண்ணிக்கொள்கிறது. ஆகவே உறுமல் முழுக்க பெடலுக்குள்ளேயே உண்டாக வேண்டும். யாருடைய ஆலோசனையைக் கேட்டாலும் முதலில் அவரிடம் என்ன அம்ப் இருக்கிறது என்று கேளுங்கள்.

இந்தக் குழப்பத்தில் வழி காட்டியதும் தங்கச்சிதான், அதுவும் பெடல் பற்றி ஒன்றும் தெரியாமல். "எங்க தோட்டத்து மாரியம்மன் திருவிழால கோயில் மரத்துல கட்டுற புனல் ஸ்பீக்கர்ல பாஸே இருக்காது. ஆனா அடுத்த டிவிசன் வரைக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேக்கும்" என்றாள். உண்மைதான். புனல் ஸ்பீக்கர் நடு ஒலியை மட்டும்தான் கத்தும், மெய்யெழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. ப், ற், ட் எல்லாம் 2000-த்தில் இருந்து 4000 ஹேர்ட்ஸ் வரையான இடத்தில்தான் காதுக்குப் பிரிந்து தெரியும். உயிரெழுத்தின் கனம் அதற்குக் கீழே. அப்படியானால் கிட்டாருக்கு நடு ஒலி வேண்டும், ஆனால் நடுவின் கீழ்ப்பாதி போதும். மேல்ப்பாதியை அவளுக்கு விட்டுவிட வேண்டும். ஒரு காணியை இரண்டாகப் பிரித்து வேலி போடுகிற வேலை.

அந்த வேலி ராட்டில் இருக்கிறது. 1978-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பிறந்த கறுப்புப் பெட்டி, மூன்று குமிழ். நடுக் குமிழின் பெயர் ஃபில்டர். மற்றப் பெடல்களின் டோன் குமிழுக்கு இது எதிர்மாறு, வலது பக்கம் திருப்பத் திருப்ப மேல் ஒலி அடங்கும். பொஸ் டி.எஸ்.-1-உம் அதே வருசத்துப் பெடல்தான், செம்மஞ்சள் நிறம், எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் அதன் டோன் குமிழ் நடுவில் நிற்கும்போது எங்களுக்கு வேண்டிய கீழ்-நடுவிலேயே ஒரு பள்ளம் விழுகிறது. வேறு பேண்டுக்குச் சரி. எங்களுக்கு அந்த மண்தான் தேவை.

இனி காசு. 60 டொலர் பெடல் என்று வையுங்கள். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா, பெடல் 12,000. அதே வருசம் மே மாதம் டொலர் 360 ரூபா அளவில், அதே பெடல் 21,600. வரியும் கடைக்காரர் இலாபமும் சேர்க்காமல். நான் கிட்டார் பழகத் தொடங்கியது அந்த வருசத்தில்தான். மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் வெட்டிய நாட்களில் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பிளக் இல்லாமல் மெழுகுதிரி வெளிச்சத்தில் வாசித்திருக்கிறேன், கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அசல் ராட்டை இலங்கையில் தேடுவது எங்கள் கணக்குக்குள் வராது. ராட்டின் சர்க்கியூட்டைப் பார்த்துச் செய்த சீன நகல்கள் நிறைய உண்டு. ஒன்றைச் செகண்ட்ஹாண்டில் பிடித்தோம். விற்றவர் கம்பளையில் இருந்து வந்தார். கெட்டம்பேயில் பஸ் இறங்கிய இடத்திலேயே சின்ன ஹெட்ஃபோன் அம்பில் போட்டுப் பார்த்துவிட்டு 9500 ரூபா கொடுத்தேன். மஹபொலக் காசில் பாதி, பாஸ்காரன் பாதி.

அன்றைக்குப் பஸ்ஸில் தங்கச்சி ஃபோனில் கணக்குப் போட்டாள். தோட்டத்து நாட்கூலி 2021-இல் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது, 2024-இல் 1350 ஆனது. "ஏழு பேர்," என்றாள். "ஏழும் முழுப்பேர்." அம்மாவிடம் விலையைச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது.

இப்போது எங்கள் செட்டிங் இதுதான், யாருக்காவது உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள்: டிஸ்டோர்ஷன் பாதிக்குக் கொஞ்சம் கீழே, ஃபில்டர் மூன்று மணி, அம்பில் பாஸ் குறைத்து மிட் கூட்டி. டிஸ்டோர்ஷனைக் கூட்டினால் கனம் கூடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கூட்டினால் தந்தியை அடிக்கிற முதல் தட்டு மழுங்கி, எல்லாம் ஒரே இழுவையாகிவிடும். கனம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. 'அரைப்பேர்' என்று அவள் சொல்கிற இடத்தில் நான் உள்ளங்கையால் தந்தியை அமுக்கி நிறுத்துகிறேன், வார்த்தை முடிந்தவுடன் கையை எடுத்து விழவிடுகிறேன். பதிவில் பதினாறில் பதினான்கு தெளிவாகக் கேட்கிறது. மற்ற இரண்டும் டிரம்மரின் கிராஷ் சிம்பலுக்குக் கீழே கிடக்கின்றன, அதற்கு உலகத்தில் எந்தப் பெடலும் இல்லை.

கண்டியில் கனமான இசை எங்களோடு தொடங்கியது இல்லை. பேரனாய்ட் அர்த்லிங் இந்த ஊரில் உருவான பேண்ட். கொழும்பில் ஸ்டிக்மாட்டா இருபது வருசத்துக்கு மேலாக நிற்கிறது. ஆனால் நான் கேட்டு வளர்ந்ததெல்லாம் அநேகமாக ஆங்கிலம். தமிழ் மெய்யெழுத்துக்கு எந்தக் குமிழை எங்கே நிறுத்துவது என்று கேட்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் மணியும் குமிழுமாக இவ்வளவு எழுதுகிறேன்.

மிச்சம் இருக்கிற பிரச்சினை ஹம். பின்னறைப் பிளக்கில் ஏர்த் இல்லை போல, பெடலை அமுக்கியவுடன் யாரும் வாசிக்காமலே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். வீட்டுக்கார அம்மா பிரித் கேட்கிற நேரத்துக்கு முன்னால், ஆறு மணிக்கே, எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இந்த முனகல் சுவர் தாண்டி அவர் ரேடியோவுக்குள்ளும் போகிறதாம். "புதே, புது மெஷின் வாங்கினது சத்தத்தைக் கூட்டவா குறைக்கவா?" என்று கேட்டார். போயா லீவு முடிந்ததும் எலக்ட்ரீசியன் வருகிறார். ஏர்த் இல்லாத பிளக்கில் மைக் பிடிப்பது நல்லதில்லை என்று நான்தான் வற்புறுத்தினேன். தங்கச்சிக்கு மட்டும் அரை மனசு. அந்த முனகலில்தான் அவள் சுருதி எடுத்துப் பாட்டைத் தொடங்குகிறாளாம்.