வானத்துக் கணக்கைப் புதுப்பிப்போம்!



நம்முடைய பள்ளிவாசல்கள் பலவற்றின் சுவரில் நிரந்தரத் தொழுகை நேர அட்டவணை ஒன்று சட்டமிட்டு மாட்டப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். நம் பாட்டனார் காலத்தில் அச்சிடப்பட்டதாகக்கூட அது இருக்கும். கண்ணாடி மங்கியிருக்கும், காகிதம் பழுப்பேறியிருக்கும். ஆனால் அதிலுள்ள நேரங்கள் இன்றும் நமக்குப் பயன்படுகின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே தேதியில் சூரியன் எப்போது மறைந்ததோ, ஏறத்தாழ அதே நேரத்தில்தான் இன்றும் மறைகிறது. சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே இயங்குகின்றன எனத் திருமறை அறிவிக்கும் உண்மைக்கு அந்தப் பழைய காகிதமே ஓர் அன்றாடச் சான்று அன்றோ!

இதே நினைப்போடு, மனிதன் செய்து வானுக்கு அனுப்பிய செயற்கைக் கோள்களின் கணக்கையும் அணுகினால் ஏமாந்து போவோம். அங்கே ஒருமுறை கணித்த கணக்கு தலைமுறைக்கு வராது. சில சமயம் ஒரு வாரத்துக்குக்கூட வராது. வீட்டுக் கணினியில் அந்தக் கணக்கை அவ்வப்போது புதுப்பித்துக் கொள்வதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். 'மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்கு இது வேண்டாத வேலையாயிற்றே!' என்று நீங்கள் எண்ணக் கூடும். காரணம் இருக்கிறது.

மாடியில் எழுந்த கேள்வி

பூமிக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றி வருகிறது. 1998ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் அதன் முதற்பகுதி ஏவப்பட்டது. 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் அதில் மனிதர்கள் இடைவிடாது தங்கி வருகின்றனர். 2007ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில் மலேசியாவின் ஷைகு முஸபர் ஷுக்கூர் அங்கே சென்றார். நாளொன்றுக்குப் பதினைந்து, பதினாறு முறை சூரியன் உதித்து மறையும் அவ்விடத்தில் எப்படித் தொழுவது என்பதற்கு அந்நாட்டு உலமாப் பெருமக்கள் வழிகாட்டி நூலே வகுத்துக் கொடுத்தார்கள். 2023ஆம் ஆண்டில் அமீரகத்தின் சுல்தான் அல் நியாதி ரமளானையும் இரு பெருநாட்களையும் அங்கேயே கழித்தார்.

இந்த நிலையத்தைக் காண தொலைநோக்கி வேண்டியதில்லை. மஃரிபுக்குப் பின்னரோ, ஃபஜ்ருக்கு முன்னரோ, தரை இருண்டும் நிலையத்தின் மீது வெயில் பட்டும் இருக்கும் வேளையில், அது மின்னாத ஒரு பெரிய நட்சத்திரம்போல் வானைக் கடந்து செல்வதை நம் மாடியிலிருந்தே பார்க்கலாம். எப்போது, எத்திசையில் வரும் என்பதைக் கணினி சொல்லிவிடும்.

என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் வீட்டில் அப்படியொரு கணினி இருந்தது. கல்லூரியில் படித்த அவனுடைய அண்ணன் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை அதில் பதிந்து வைத்திருந்தார். உலகப் படத்தின் மீது செயற்கைக் கோள்கள் புள்ளிகளாக நகர்வதை அது காட்டும். அண்ணன் வேலை கிடைத்து வளைகுடாவுக்குச் சென்றுவிட்டார். நாற்பது நாட்கள் கழித்து, மஃரிபுக்குப் பின் நிலையம் வரும் நேரத்தைக் கணினியில் பார்த்துக் குறித்துக்கொண்ட அந்தச் சிறுவன், வீட்டாரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் மாடிக்கு அழைத்திருந்தான். என்னையும் அழைத்திருந்தான். முதுமையால் தளர்ந்த அவனுடைய வாப்பிச்சாவும் படிப்படியாக உட்கார்ந்து எழுந்து மேலே வந்து சேர்ந்தார்.

சொன்ன நேரம் வந்தது. சொன்ன ஒளி வரவில்லை. நாங்கள் மாடியேறுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னரே, பள்ளியிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் ஒரு பெரிய வெள்ளி நகர்ந்து போனதைப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "அல்லாஹ்வுடைய வானத்துக்கு மனுசன் கணக்குப் போட முடியுமா வாப்பா?" என்று வாப்பிச்சா ஆறுதலாகத்தான் சொன்னார். சிறுவன் கண் கலங்கி என்னிடம் கேட்டான்: "ஹஜரத், கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? காக்கா இருந்தப்போ சரியாத்தானே சொன்னது?"

வாசகர்களே, இது சாதாரணக் கேள்வியன்று. 'ஆம், மனிதக் கணக்கெல்லாம் இப்படித்தான்' என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் கல்வியின் மீதிருந்த மதிப்பு அன்றே சரிந்திருக்கும். 'வாப்பிச்சாவுக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லியிருந்தால் மூத்தவர்கள் மீதும், நாளடைவில் அவர்கள் போற்றும் ஈமானின் மீதும் ஓர் இளக்காரம் முளைத்திருக்கும். ஈமானும் கணக்கும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் பத்து வயதில் விழுந்துவிட்டால் பிறகு களைவது எளிதன்று. வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் நான். இயற்பியல் என் துறையன்று. எனவே விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுச் சொல்வதாக அவனுக்கு வாக்களித்தேன். அப்படிக் கேட்டும் படித்தும் அறிந்ததையே உங்கள் முன் வைக்கிறேன்.

இரண்டே வரிகள்

கணினி தானாக வானத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செயற்கைக் கோளுக்கும் இரண்டு வரி எண்கள் அதற்குக் கொடுக்கப்படுகின்றன. வரிக்கு 69 எழுத்துக்கள். கோளின் பட்டியல் எண், அதன் பாதை நிலநடுக் கோட்டுக்கு எவ்வளவு சாய்ந்துள்ளது, பாதை எவ்வளவு நீள்வட்டமானது, நாளொன்றுக்கு எத்தனை சுற்று, காற்று அதை எவ்வளவு இழுக்கிறது என்பனவெல்லாம் அவற்றில் அடங்கும். விண்வெளி நிலையத்தின் பட்டியல் எண் 25544, சாய்வு 51.6 பாகை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 15.5 சுற்றுகள்.

இவ்வெண்களோடு இன்னொன்றும் இருக்கும். அதுதான் இவை அனைத்தும் எந்த நாளின் எந்தக் கணத்துக்கு உரியவை என்னும் காலக் குறிப்பு. 25032 என்று தொடங்கினால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது நாள், அதாவது பிப்ரவரி 1 என்று பொருள். அமெரிக்க விண்வெளிப் படையினர் ராடார்களாலும் தொலைநோக்கிகளாலும் அளந்து இவ்வெண்களை வெளியிடுகின்றனர். டாக்டர் கெல்சோ என்பவர் 1985ஆம் ஆண்டில் தொடங்கிய 'செலஸ்ட்ராக்' என்னும் சேவை அவற்றைப் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கி வருகிறது. நம் மென்பொருள் அங்கிருந்துதான் எண்களைப் பெறுகிறது. பெறாவிட்டால், கடைசியாகப் பெற்றதை வைத்துக்கொண்டே கணித்துக் கொண்டிருக்கும்.

ஏன் பழசாகிறது?

நானூறு கிலோமீட்டர் உயரத்திலும் காற்று அறவே இல்லாமற் போய்விடவில்லை. மிக மெல்லிய காற்று அங்கும் உண்டு. அது உராய்வதால் நிலையம் சிறிது சிறிதாகக் கீழிறங்குகிறது. சூரியனில் கொந்தளிப்பு மிகும்போது மேற்காற்று சூடேறி விரிகிறது, உராய்வும் கூடுகிறது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் கோள்களில் 40 வரை இக்காரணத்தால் பாதைக்கு ஏற முடியாமல் போயின. இன்னொரு பக்கம், இறங்கும் நிலையத்தை அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே உயர்த்துகிறார்கள். உயர்த்திய மறுகணமே பழைய எண்கள் பயனற்றவை ஆகிவிடுகின்றன.

சிறிய கணக்கொன்று பாருங்கள். நிலையம் எதிர்பார்த்ததைவிட 1 கிலோமீட்டர் தாழ்ந்துவிட்டால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 1.2 நொடி குறையும். இது ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் நாளொன்றுக்கு 15.5 சுற்றுகள் அல்லவா? ஒரு நாளில் 19 நொடி. பத்து நாளில் 3 நிமிடத்துக்கும் மேல்! நிலையம் நம் தலைக்கு மேல் தென்படுவதே நான்கைந்து நிமிடங்கள்தாம். மூன்று நிமிடம் தவறினால் பெரும்பகுதி தவறிவிடும். நாற்பது நாள் தவறினால் கேட்கவே வேண்டாம்.

சந்திரனை இழுக்கக் காற்று இல்லை. அதை எஞ்சின் வைத்து உயர்த்துவாரும் இல்லை. ஆகவே அதன் இடத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே துல்லியமாகக் கணிக்க முடிகிறது. (பிறை பார்ப்பது பற்றிய மார்க்கச் சட்ட விவாதம் வேறு, அதற்குள் நான் செல்லவில்லை.) படைத்தவன் அமைத்த பாதைக்கும் மனிதன் அமைத்த பாதைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட முடியுமா?

மாணவனிடம் இதைத்தான் சொன்னேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை தம்பி. நாற்பது நாளைக்கு முந்திய செய்தியை இன்றைய செய்தி என்று நம்பிவிட்டது. செய்தி கொண்டுவருபவரைத் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. நாமும் இதை விசாரிப்போம்." எண்களைப் புதுப்பித்தான். மூன்றாம் நாள் மஃரிபுக்குப் பின் குறித்த நிமிடத்தில் வடமேற்கே ஒளி எழுந்தது. "சுப்ஹானல்லாஹ்!" என்று முதலில் சொன்னவர் வாப்பிச்சாதான். "நீங்கள் சொன்னதும் சரிதான் உம்மா. மனிதன் போடும் கணக்கு சில நாள்தான் நிற்கும், மறுபடி மறுபடி பார்த்துத் திருத்த வேண்டும்" என்றேன். அவர் மனநிறைவோடு தலையசைத்தார்.

முன்னோர் காட்டிய வழி

கணக்கைப் புதுப்பிப்பது நமக்குப் புதியதன்று. கலீஃபா மஃமூன் (ஆட்சி 813-833) காலத்தில் கிரேக்க அறிஞர் தாலமியின் வானியல் அட்டவணைகள் போற்றப்பட்டன. ஆனால் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கடந்துவிட்டதால் அவை வானத்தோடு ஒத்துவரவில்லை. 'பெரியவர் எழுதியது, மாற்றலாகாது' என்று முஸ்லிம் அறிஞர்கள் இருந்துவிடவில்லை. தாலமியைப் பழிக்கவும் இல்லை. பாக்தாதின் ஷம்மாசிய்யாவிலும், திமிஷ்க் நகரின் காஸியூன் மலையிலும் புதிதாக அளந்தார்கள். அவ்வளவைகளைக் கொண்டு எழுந்த அட்டவணைக்கு 'ஸீஜ் அல் மும்தஹன்', அதாவது 'சோதித்துப் பார்க்கப்பட்ட அட்டவணை' என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே பாடம் இருக்கிறது, பார்த்தீர்களா?

ஆறு நூற்றாண்டுகள் கழித்து ஸமர்கந்தில் உலுக் பேக் மீண்டும் அளந்தார். 1437ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் பட்டியலை வெளியிட்டார். அன்று பல நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை செய்ததை இன்று சில நாட்களுக்கு ஒருமுறை செய்கிறோம். அவர்களுக்கு வானாய்வுக் கூடம் தேவைப்பட்டது. நமக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவதாக, மென்பொருளில் எண்களைப் புதுப்பிக்கும் கட்டளை எங்கே உள்ளது என்று தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். அதைத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டும் இருத்தல் கூடாது.

இரண்டாவதாக, விண்வெளி நிலையத்தைப் பார்ப்பதானால் வாரத்துக்கு இரண்டொரு முறையும், பார்க்கப் போகும் அன்று காலையிலும் புதுப்பியுங்கள். புதிதாக ஏவப்பட்ட கோள்களுக்கு நாள்தோறும் தேவை. வரிசையாக விளக்குகள் செல்வதுபோல் ஸ்டார்லிங்க் கோள்கள் தென்படும்போது, கியாமத்தின் அடையாளம் என்று வதந்தி பரப்புவோர் உண்டு. அன்றைய எண்கள் கையிலிருந்தால் பிள்ளைகளின் அச்சத்தை அங்கேயே போக்கிவிடலாம். தொலைக்காட்சிக் கோள்களோ ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளவை. காற்றின் தொல்லை அங்கே இல்லாததால் அவற்றுக்கு அவசரமில்லை.

மூன்றாவதாக, மணிக்கு நாலு முறை இறக்குவதால் எப்பயனும் இல்லை. எண்கள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. இலவசமாகத் தருபவருக்குச் சுமைதான் கூடும். ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று கற்ற சமுதாயம் நாம்.

நான்காவதாக, கணினியின் கடிகாரமும் ஊரின் இட அளவுகளும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். எண்கள் புதியனவாயினும் கடிகாரம் மூன்று நிமிடம் தவறினால் ஏமாற்றம் அதேதான். காலக் குறிப்பு உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது.

ஐந்தாவதாக, மென்பொருளையும் புதுப்பியுங்கள். பட்டியல் எண்ணுக்குப் பழைய இருவரிக் குறிப்பில் ஐந்து இலக்கங்களே இடம். 2024ஆம் ஆண்டிலேயே அது 60,000ஐக் கடந்துவிட்டது. ஆறு இலக்கம் அதில் அடங்காது என்பதால் புதிய வடிவங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பழைய மென்பொருள்கள் பலவற்றுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது.

புதிய எண்களுக்கும் எல்லை உண்டு என்பதை மறக்க வேண்டாம். 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் சைபீரியாவுக்கு மேலே இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 என்னும் இரு கோள்கள் மோதிச் சிதறின. பொதுமக்களுக்குக் கிடைத்த எண்களின்படி அவை ஏறத்தாழ 600 மீட்டர் இடைவெளியில் விலகிச் சென்றிருக்க வேண்டும்! மாடியில் நின்று பார்ப்பதற்கு அந்தத் துல்லியம் போதும். மோதலைத் தடுக்கப் போதாது. எந்த அறிவை எதற்கு நம்பலாம் என்று அறிவதும் அறிவே.

அன்பர்களே! இக்காலத்தில் கைபேசியிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆயினும் வீட்டுக் கணினியின் முன் பிள்ளைகளை அமர்த்தி, இந்த எண் எந்த நாளுக்குரியது என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். எந்தச் செய்தி வந்தாலும் 'இது எப்போதையது? யார் அளந்தது?' என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு அங்கிருந்து வரும். அப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளையை வதந்தியும் அசைக்காது. வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் பழைய செய்தியும் ஏமாற்றாது.

பயன்தரும் கல்வியையும், அதை நாளும் சரிபார்த்துக் கொள்ளும் பணிவையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.