ஐயாவும் அந்த இலக்கமும்

ஆண்களுக்கு வருகிற நோயைப் பற்றிப் பெண்கள் சஞ்சிகையில் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் வீடுகளில் வைத்தியசாலைத் துண்டுகளோடு அலைகிறவர்கள் யார்? ஐயாவைக் கூட்டிக்கொண்டு போக அண்ணன்மார் இல்லை. நான்தான் போனேன்.

இரவில் ஐந்தாறு தடவை எழும்பிச் சலம் போவதை ஐயா ஒரு வருடமாக மறைத்தார். மகளிடம் சொல்லக்கூடிய விடயமா அது? இடுப்பெலும்பு நொந்து நடக்க முடியாமல் போன பிறகுதான் கிளினிக்குக்கு வரச் சம்மதித்தார். சலப்பைக்குக் கீழே உள்ள முன்னிற்கும் சுரப்பியில் புற்றுநோய், எலும்பிலும் பரவியிருந்தது. பி.எஸ்.ஏ. 86.

பி.எஸ்.ஏ. என்பது அந்தச் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். இரத்தத்தில் 4இற்குக் கீழே இருப்பது வழமை. கிருமித்தொற்று, வயதோடு வரும் சுரப்பி வீக்கம், சலக்குழாய் போடுதல் என்பவற்றாலும் அது கூடும். ஆகவே இலக்கம் கூடினாலே புற்றுநோய்தான் என்று அயலில் கதைப்பது சரியல்ல. சதைத்துண்டு எடுத்துப் பார்த்துத்தான் உறுதிசெய்வார்கள்.

நோய் உறுதியான பிறகு அதே இலக்கம் வேறொரு வேலை செய்கிறது. இனி எப்படிப் போகும் என்பதற்குக் குறிப்புத் தருகிறது. 2006இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நோய் பரவியவர்களுக்கு ஓமோன் சிகிச்சை தொடங்கி ஏழு மாதத்தில் பார்த்தார்கள். 0.2 வரையோ அதற்குக் கீழோ இறங்கியவர்களில் பாதிப்பேர் 75 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். 4இற்கு மேல் நின்றவர்களில் பாதிப்பேர் 13 மாதங்களைத்தான் தாண்டினார்கள். அதற்குப் பிறகு புதிய மருந்துகள் வந்துவிட்டன.

ஐயாவுக்கு ஏழாம் மாதம் 1.1.

“அது நல்லதோ கூடாதோ?” என்று அம்மா கேட்டார். இரண்டுக்கும் நடு என்று வைத்தியர் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மாவிடம் பொய் எடுபடாது.

இப்போது வைத்தியர் பார்ப்பது ஏறும் வேகத்தை. இரட்டிப்பாக ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தால் நோய் மெதுவாகப் போகிறது. சில மாதத்திலேயே இரட்டித்தால் மருந்தை மாற்ற யோசிப்பார்கள். அதற்குப் பழைய துண்டுகள் எல்லாம் வேண்டும். ஒரே ஆய்வுகூடத்தில் சோதிப்பதும் நல்லது. இடத்துக்கிடம் கணக்குச் சற்று மாறும்.

2009இல் குடும்ப அட்டையையும் பிறப்புப் பத்திரங்களையும் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிய அம்மாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஐயாவின் பன்னிரண்டு துண்டுகளும் திகதி ஒழுங்கில் அவரிடம் இருக்கின்றன. கடைசி மூன்றும் 1.3, 1.6, 1.9.

ஐயா இலக்கத்தைக் கேட்பதில்லை. “அடுத்த ஊசி எப்ப பிள்ளை?” என்று மட்டும் கேட்பார். மாசியில்.