தாத்தாவுக்கு ஆதாரம் எங்கே?

ஆங்கில விக்கிபீடியாவில் எங்க ஊர் பக்கத்தில், பள்ளிக்கூடம் கட்டியவர் என்று தாத்தா பேரை ஏற்றினேன். 'மாபெரும் வள்ளல்' என்று அடைமொழி வேற! மறுநாள் பார்த்தால் காணோம். 'நிலம் கொடுத்தது எங்க தெரு' என்று யாரோ மாற்றியிருந்தார். சும்மா இருப்பேனா? திரும்பப் போட்டேன். அவர் தூக்கினார். மறுபடி போட்டேன். மூன்றாவதாக ஒருத்தர் வந்து எச்சரித்தார்: 24 மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் அடுத்தவர் எழுதியதை மாற்றினால் தடை. யார் பக்கம் நியாயம்னு எல்லாம் பார்க்க மாட்டாங்களாம்!

உரையாடல் பக்கத்தில் மல்லுக்கட்டினோம். (இதே விக்கிபீடியாவில் போலந்து நகரம் ஒன்றை டான்சிக் என்பதா, க்டான்ஸ்க் என்பதா என்று சண்டை முற்றி, 2005-ல் ஓட்டெடுப்பே நடந்தது. 1308 முதல் 1945 வரைக்கும் டான்சிக், மற்றபடி க்டான்ஸ்க் என்று முடிவு. நாங்க எல்லாம் எம்மாத்திரம்?) "ஆதாரம் எங்கே?" என்றார் மூன்றாமவர், ரெண்டு பேரிடமும்.

லீவில் போய் பள்ளிக் கல்வெட்டைப் பார்த்தேன். முதல் வரி, 'ஊர்ப் பொதுமக்கள்'. தாத்தா பேர் நாலாவது. தெருப் பேர் எங்கேயும் இல்லை. போட்டோவைப் பார்த்ததும் அவர் தெருவை எடுத்துட்டார், நான் வள்ளலை.

அப்பாவிடம் இன்னும் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை.