அடிக்கு ஒரு நூல்

மெல்போர்னிலிருந்து மேற்கே, பாலராட்டைத் தாண்டி, காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனால் லேக் கோல்ட்ஸ்மித். மே மாதத்திலும் நவம்பரிலும் அங்கே பழைய நீராவி எஞ்சின்களுக்கும் டிராக்டர்களுக்கும் திருவிழா. உள்ளே நுழையும்போதே காலடியில் தரை அதிர்ந்தது.

கேஎல் புல்டாக்! ஜெர்மனியின் லான்ஸ் புல்டாக்கை அச்சாகப் பின்பற்றி, மெல்போர்னின் ஸ்பிரிங்வேலில் கெல்லி அண்ட் லூயிஸ் கம்பெனி 1940களின் கடைசியில் செய்ய ஆரம்பித்த டிராக்டர். பத்து லிட்டருக்கும் மேல் கொள்ளளவு, ஆனால் ஒரே சிலிண்டர். எஞ்சினின் முகப்பில் இருக்கும் இரும்புக் குமிழை புளோ லாம்ப்பால் பழுக்கக் காய்ச்ச வேண்டும். பிறகு ஸ்டீயரிங்கைத் தண்டோடு உருவி, ஃப்ளைவீல் பக்கம் செருகி, முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். பிடித்துக்கொண்டால் டும், டும், டும். சில நேரம் எஞ்சின் தலைகீழாகச் சுற்றவும் கிளம்பிவிடும்!

காய்ந்து ஆறி, காய்ந்து ஆறி, அந்தக் குமிழ்தான் விரிசல் விடுகிறது. செய்த கம்பெனியில் இன்று பார்ட்ஸ் கிடைக்காது. அங்கே ஒரு கொட்டகையில், விரிசல் விட்ட குமிழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் புதியதை வார்ப்பதற்கான பேட்டர்னை மரத்தில் செதுக்கிக்கொண்டிருந்தார். பழையதையே மணலில் பதித்து ஊற்றிவிடலாமே என்று கேட்டேன். தலையாட்டி மறுத்து, ஒரு ஸ்கேலை என் கையில் கொடுத்தார்.

பார்த்ததும் சிலிர்த்துவிட்டது. ஷ்ரிங்கேஜ் ஸ்கேல்! கோயம்புத்தூரில் பேட்டர்ன் வேலை செய்த என் அப்பாவின் பெட்டியிலும் ஒன்று இருந்தது. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுருங்கும். அதனால் இந்த ஸ்கேலில் ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் கூடுதல். பழைய குமிழையே அச்சாக வைத்தால் வருவது அதைவிடச் சின்னதாகத்தான் வரும், போல்ட் துளைகூடப் பொருந்தாது. கடைசல் பிடிக்க வேண்டிய முகங்களுக்குத் தனியாகத் தடிப்பு விட வேண்டும். மணலிலிருந்து உடையாமல் உருவ, பக்கங்களைச் சற்றே சரிக்க வேண்டும். குமிழின் உட்குழிக்கு வேறொரு மணல் கோர். இவ்வளவும் அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

“எத்தனை ஊற்றப் போகிறீர்கள்?”

“ஏழு. இன்னும் ஆறு பேர் விரிசல் விட்ட குமிழோடு காத்திருக்கிறார்கள். பேட்டர்ன் வேலை ஒரு தடவைதானே?”

உப்புத்தாளை என்னிடம் நீட்டினார். அப்பா சொல்லித்தந்தபடியே, மரத்தின் ரேகை போன வாக்கில் தேய்க்க ஆரம்பித்தேன்.